டிபன் பாக்ஸுக்கு அடியில் மூன்று கட்டிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "உடைக்கிற வேலை" என்பாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில், இரும்புக் கதவு போட்ட சோதனைக்கூடத்தில், கலவை பிசைந்து, அச்சில் அடித்து, உள்ளங்கையில் அடங்குகிற கட்டிகளாக்கி, இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு, கடைசியில் அதையே மெஷினில் வைத்து நசுக்கிப் பொடியாக்க வேண்டும். எந்த எண்ணில் உடைந்தது என்று எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான். நல்ல கட்டி உடையும்போது மாடி வகுப்பில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். அதனால் கல்லூரி முழுக்க அவளுக்கு இடியக்கா என்று பெயர். அவள் குரலும் அந்தச் சத்தத்துக்கு ஒரு மாற்றும் குறைந்ததில்லை என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளுகிறவள் அள்ளிக் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? இவள் ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எது வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது, எது சொரசொரவென்று பல்லைக் காட்டுகிறது, எதை இன்னொன்றோடு தட்டினால் மணிபோலச் சத்தம் வருகிறது என்று ஆறே மாதத்தில் அவளுக்கு அத்துப்படி. மெஷின்காரர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, "நான் உடைக்கட்டுமா?" என்று துடைப்பத்தோடு போய் நின்றாள். உடைத்தாள். அன்றிலிருந்து அவள்தான்.

கூடத்தில் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு. அவளுக்கு மட்டும் சாம்பல் நிறக் கோட்டு. அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதைதான் இந்தக் கதையும்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, சுவரில் ஒரு பலகை. பலகையில் "வெள்ளைத் துணி எடுப்பதில்லை" என்று பெரிதாக எழுதியிருக்கும். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரே வாரத்தில் சிரிப்பு அடங்கிவிடும். ஏனென்றால் தெருக்கோடியில் சாம்பல் மேடு இருக்கிறது. முப்பது வருஷம் ஓடி, பிறகு பூட்டிக்கொண்டு போய்விட்ட ஒரு தொழிற்சாலையின் கொதிகலன்கள் தின்று துப்பியதெல்லாம் அங்கே மூன்று மாடி உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. காற்று கொஞ்சம் தலையாட்டினால் போதும், ஜன்னல் விளிம்பு, குடிதண்ணீர்க் குடம், குழந்தையின் புருவம் எல்லாவற்றிலும் சாம்பல். காலையில் எழுந்ததும் அவர் முகம் கழுவுவதற்கு முன் தையல் மெஷினைத் துடைப்பார்.

ஒரு நர்ஸம்மாவுக்குச் சீருடை தைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தூங்கப்போனார். விடிந்து பார்த்தால் சீருடை எலி நிறம். துவைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி எலி நிறம். மூன்றாம் தடவை அந்த அம்மாவே, "பரவாயில்லைங்க, குடுங்க" என்று வாங்கிப்போனார். அந்தப் "பரவாயில்லை" அவரைக் கொன்றுவிட்டது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலில் போடுகிற தையல்தான் தையல், மற்றதெல்லாம் ஒட்டுப்போடுவது என்று பீற்றிக்கொண்டிருந்த மனுஷன் அவர். அன்று மதியமே பலகை எழுதினார். பதினொரு வருஷமாக அது தொங்குகிறது. மனைவிக்குக் கோட்டுத் தைக்கும்போதும் சாம்பல் நிறத்திலேயே எடுத்தார். "சாம்பல் பட்டாத் தெரியாதுல்ல" என்றார். அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

ஆகவே, இரண்டு வருஷத்துக்கு முன் மேடம் வந்து, "அந்தச் சாம்பலைக் காரக் கரைசலில் பிசைந்து நடைபாதைக் கல்லாக மாற்ற முடியுமா என்று பார்க்கப்போகிறோம்" என்று அறிவித்தபோது, இடியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் என்றால் ஆராய்ச்சிக்குத் தலைவி. கறாரான ஆள், நாற்பது வயது, சாப்பிடும்போதும் ஒரு கையில் பேனா. "மேடு முழுசும் போயிடுமா மேடம்?" என்று இவள் கேட்டாள். "கல் நின்னா மேடு போயிடும். நிக்கலைன்னா மேடு நிக்கும்" என்றார் மேடம்.

கல் நிற்கவேயில்லை. மெஷின் திரையில் எண் நூற்றைம்பதைத் தாண்டினால்தான் மனுஷர் நடக்க, வண்டி ஏற, அது கல். இருபத்திரண்டு கலவை போட்டார்கள். எல்லாம் முப்பது, நாற்பது என்று பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஒருநாள் முழுக்கச் சூட்டில் வைத்தால் இறுகும் என்பது மேடத்துக்கு முதல் மாதமே தெரியும். "அதுக்கு விறகோ கரண்டோ எரிக்கணும். ஒரு சாம்பலைத் தீர்க்க இன்னொரு சாம்பலை உண்டாக்கவா நான் படிச்சேன்?" என்று அந்த வழியை மூடிவிட்டார். நியாயம்தானே! சூடில்லாமல் நிற்க வேண்டும். நிற்க மாட்டேன் என்றது.

இருபத்து மூன்றாவதுதான் கடைசி. அதை உடைக்கிற அன்று நகராட்சி அனுப்பிய மூன்று பேர் குழு நேரில் வந்து பார்க்கும். நின்றால் மேட்டிலிருந்து லாரி ஓடும். இல்லையென்றால் மேட்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, சுற்றிலும் வேலி கட்டி, அப்படியே காலத்துக்கும் விட்டுவிடுவார்கள். விரிப்பு எத்தனை காற்றுக்குத் தாங்கும் என்று தெருக்காரர்களுக்குத் தெரியாதா?

இப்போது சூட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரச் சாம்பலை உலர்த்துவதற்காகக் கூடத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு மின்சாரப் பெட்டி இருந்தது. அதன் கதவில் மேடத்தின் கையெழுத்தில், "உள்ளே உணவு வைக்கக் கூடாது" என்று ஒட்டியிருந்தது. ஒட்டியதற்குக் காரணம் இடியக்காதான். போன வருஷம் யாரோ வைத்த டப்பாவிலிருந்து எண்ணெய் ஒழுகி ஒரு மாதத்துச் சாம்பல் பாழாகிவிட, யார் என்று விசாரித்ததில் இவள் பிடிபட்டாள். "இன்னொரு தடவை இதுல சாப்பாட்டைப் பார்த்தேன், நீ மறுபடி துடைப்பத்துக்குப் போயிடுவ" என்றார் மேடம். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

கேட்டாளா? கேட்பாளா! மேடத்துக்குத் தினமும் பதினொன்றிலிருந்து ஒன்று வரை வகுப்பு. சரியாகப் பதினொன்று ஐந்துக்கு மொத்தத் துறையின் டிபன் பாக்ஸும் பெட்டிக்குள் போய்விடும். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்துவிடும், பெட்டியும் அணைந்துவிடும். அதில் பெரிய கூத்து என்னவென்றால், மேடத்தின் மேசையில் இருக்கும் டப்பாவையும் இவள் எடுத்துக்கொண்டுபோய்ச் சுடவைத்துத் திரும்ப வைத்துவிடுவாள். ஜில்லிட்ட சோற்றைத் தின்று ஒரு மனுஷி ஆராய்ச்சி பண்ணுவதா என்ற இரக்கம். மேடமோ, "இந்தப் புது டப்பா நல்லா சூடு தாங்குது. நீயும் ஒண்ணு வாங்கிக்கோ" என்று கூடத்துச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்க்காரரிடம் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். ஸ்டோர்க்காரர் சிரிப்பை அடக்க இருமுவார்.

டப்பாக்கள் அடித்தட்டில் நேராகப் பட்டால் அடிப்பிடித்துவிடும். அதற்காக ஒரு கம்பி ஸ்டாண்டு வைத்திருந்தாள். அது இருபத்து மூன்றாம் கலவை போட்ட வாரம் முறிந்தது. கலவைக்குப் பன்னிரண்டு கட்டி போடுவது அவள் வழக்கம். ஒன்பது தொட்டிக்கு, மூன்று உபரி. யாரும் கேட்காவிட்டால் உபரி குப்பைக்குத்தான் போகும். அந்த மூன்றையும் எடுத்து, சாம்பல் டப்பாவில் ஒட்டக் கூடாதே என்று பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, அடுப்புக்கல் போல முக்கோணமாக வைத்து, மேலே தட்டுப் போட்டு, டப்பாக்களை அடுக்கினாள். பிறகு அதை மறந்தும் போனாள்.

குழு வந்த நாளன்று அவள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "என்ன நம்பர் வரணும்?" என்று கேட்டார். "நூத்தம்பது." "வந்திடுமா?" "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று சீறிவிட்டுப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு முதல் கட்டி. மெஷின் உறுமியது, எண் ஏறியது. நாற்பத்தொன்றில் 'தொப்'. இரண்டாவது முப்பத்தெட்டு. மூன்றாவது நாற்பத்து நான்கு, அதற்கே ஒரு ஆள் கைதட்டப்போய் நிறுத்திக்கொண்டார். ஒன்பதும் உடைந்து முடிந்தபோது குழுத் தலைவர், தலை முழுக்க நரைத்த மரியாதையான மனிதர், "நல்ல முயற்சி" என்றார். ஆஸ்பத்திரியில் துணியை இழுத்து முகத்தை மூடுகிறவர்கள் அப்படித்தான் மெல்லப் பேசுவார்கள். மேடம் பேனாவை மூடினார். குழுவுக்காக மேடம் அன்று வகுப்பை விட்டிருந்தார். எல்லோரும் மேலே டீ குடிக்கப் போனார்கள்.

இடியக்கா துண்டுகளைக் கூட்டினாள். மணி பதினொன்று ஐந்து ஆனது. உலகமே இடிந்து விழுந்தாலும் பசிக்கிறவர்களுக்குப் பசிக்குமே என்று பெட்டியைத் திறந்தாள். டப்பாக்களை அடுக்கும்போது தட்டு ஒருபக்கமாக ஆடியது. சரிசெய்யலாம் என்று ஒரு கட்டியை வெளியே எடுத்தாள். கைதவறி அது பெட்டியின் இரும்பு விளிம்பில் மோதியது.

'டங்'.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பதின்மூன்று வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டே பிழைத்தவள். சாம்பல் கட்டி 'டங்' என்று சொல்லாது, 'தொப்' என்றுதான் சொல்லும். வேண்டுமென்றே இன்னொரு தடவை தட்டினாள். டங். பிளாஸ்டிக் தாளை விலக்கிப் பார்த்தாள். உள்ளே மேடத்தின் கையெழுத்தில், மெழுகுப் பென்சிலில், இருபத்து மூன்று. தேதி. எல்லாம் அப்படியே இருந்தது.

மெஷினில் வைத்துத் தனியாக உடைத்துப் பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. உடைத்துவிட்டால் சாட்சி யார்? மேலே கொண்டுபோனாலோ, இது எங்கே இருந்தது என்று முதல் கேள்வி வரும். டிபன் பாக்ஸுக்கு அடியில் என்று சொல்ல வேண்டும். சொன்னால் துடைப்பம். பதின்மூன்று வருஷம் போய்விடும். அவள் யோசித்தது அரை நிமிஷம்கூட இருக்காது. முகம் கழுவாமல் தையல் மெஷினைத் துடைக்கிற ஒரு மனுஷன் கண்ணுக்குள் வந்து நின்றார். எடுத்தாள் ஓட்டம். இரண்டு இரண்டு படியாகத் தாவி, மூச்சிரைக்க டீ அறைக்குள் பாய்ந்தாள்.

"மேடம்! கமிட்டி சார்! போகாதீங்க, போகாதீங்க! ஒரே ஒரு நிமிஷம் கீழ வாங்க!"

குழுத் தலைவர் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. "என்னம்மா, தீ பிடிச்சிருச்சா?"

"அதைவிடப் பெரிசு சார்!"

கீழே வந்தார்கள். மேடம் கட்டியை வாங்கி எண்ணைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "உபரிக் கட்டி. எங்க இருந்துச்சு இது?"

"அப்புறம் சொல்றேன் மேடம். முதல்ல உடைக்கலாம்."

"இப்பச் சொல்லு."

"உடைச்சிட்டுச் சொல்றேன், அப்புறம் என்னை உடைங்க" என்று சொல்லிக் கட்டியை வாங்கி மெஷினில் வைத்து விசையைத் திருப்பிவிட்டாள்.

எண் ஏறியது. நாற்பது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அறுபது. எண்பது. ஸ்டோர்க்காரர் கடவுளே என்றார். நூறு. குழுத் தலைவர் ஈரச் சட்டையோடு திரைக்குப் பக்கத்தில் வந்தார். நூற்று இருபது, முப்பது, நாற்பது. "ஏறு, ஏறு, ஏறுடா ராசா" என்று இடியக்கா கத்துகிறாள், கூச்சநாச்சமே இல்லை. நூற்றைம்பதைத் தாண்டியது. தாண்டியும் நிற்கவில்லை. நூற்று அறுபத்தெட்டில் 'படார்' என்று ஒரு இடி இடித்ததே பார்க்க வேண்டும், மாடி வகுப்பு மொத்தமும் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டது! அடுத்த கட்டி நூற்று ஐம்பத்தொன்பது. மூன்றாவது நூற்று எழுபத்தொன்று.

சத்தம் அடங்கியதும் மேடம் கேட்டார். "சொல்லு."

சொன்னாள். பெட்டி, பதினொன்று ஐந்து, மொத்தத் துறையின் டப்பா, கம்பி ஸ்டாண்டு முறிந்தது, பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வாய் ஓட்டத்தில், "உங்க டப்பாவும்தான் மேடம்" என்பதும் வந்து விழுந்துவிட்டது.

"என் டப்பாவா? அப்ப அது..."

"சாதாரண டப்பாதான் மேடம்."

ஸ்டோர்க்காரர் இருமினார். மேடத்தின் முகம் சிவந்தது. துடைப்பம் வந்துவிட்டது என்று இடியக்கா நினைத்தாள். மேடம் பேனாவைத் திறந்தார்.

"தினமும் எத்தனை மணி நேரம்?"

"ரெண்டு மணி நேரம் மேடம். பத்து நிமிஷம் கம்மி."

"சனி, ஞாயிறு?"

"லீவு."

"மத்த நாள் ஒருநாள்கூட விடலையா?"

"பசிக்காத நாள்னு ஒண்ணு உண்டா மேடம்?"

மேடம் எழுதுவதை நிறுத்தினார். "இருபத்தி நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல சூடு வேணும்னு நினைச்சிட்டு இருந்தோம். தினம் ரெண்டு மணி நேரம், அதுவும் இளஞ்சூடு, ஈரம் வெளிய போகாம இறுக்கிச் சுத்தி வச்சா... விறகு எதுக்கு, கரண்ட் எதுக்கு? மதிய வெயில் போதுமே! மொட்டைமாடில கறுப்பு விரிப்புக்கு அடியில வச்சா போதுமே!" கத்தினார் மேடம். அவர் கத்தி அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. இடியக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். குழுத் தலைவர், "மூணு மாசம் தர்றேன். வெயில்ல செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, போகும்போது, "அந்தப் பெட்டில என் டீயையும் கொஞ்சம் வச்சிருக்கலாம்" என்றார்.

பிறகு நடந்தது தனிக் கூத்து. வெயிலுக்குப் போவதற்கு முன் நடந்ததை அச்சு அசலாக இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அச்சு அசல் என்றால் டிபன் பாக்ஸ் உட்பட. பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்: "பதினொன்று ஐந்துக்குள் அனைவரும் டப்பாவை ஒப்படைக்கவும். கொண்டுவராதவர்கள் முதல்நாளே தெரிவிக்கவும்." ஸ்டோர்க்காரர் வீட்டில் மனைவி ஊருக்குப் போயிருந்தார். பாவம், ஆராய்ச்சிக்காக வெறும் தண்ணீரை டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தார். கட்டி நின்றது. மொட்டைமாடிக் கட்டி முதல் தடவை வெடித்தது, இடியக்கா போய்ப் பார்த்து, "தாளை யார் இப்படித் தொளதொளன்னு சுத்தினது?" என்று திட்டி, தானே இறுக்கிச் சுற்றினாள். அடுத்த தடவை நூற்று அறுபத்து மூன்று.

லாரி ஓட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. மேட்டில் ஒரு மாடி உயரம் குறைந்திருக்கிறது. சாம்பல் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் அள்ள வேண்டும் என்று சொல்லி முதல் வாரமே லாரிக்காரர்களோடு இடியக்கா சண்டை போட்டாகிவிட்டது. இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும் என்கிறார் மேடம்.

போன திங்கட்கிழமை காலையில் வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தார். பிரித்தால் வெள்ளைக் கோட்டு. வெள்ளை நூல், பூச்சி ஊர்ந்தது போலப் பொடித் தையல், காலர் கத்தி மாதிரி நிற்கிறது. "அங்கேயே மாட்டிக்க, அங்கேயே கழட்டி வச்சிரு. தெருவுல போட்டுக்கிட்டு வந்து மானத்தை வாங்காத" என்றார். சொல்லிவிட்டு உடனே மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பேச்சைக் கேட்கிற ஜாதியா? சாயங்காலம் கோட்டைக் கழற்றாமலேயே, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, மேட்டு ஓரமாகவே, வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தாள். காற்றும் நன்றாக அடித்தது. கடைக்குள் நுழைந்ததும் அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தார். அவள் தோள்மேல் ஒரு விரலால் நீளமாகத் தேய்த்தார். விரலை மெஷின் விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். பிறகு, "ஆனா தேடிப் பார்த்தாத்தான் தெரியுது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பதினொரு வருஷத்துப் பலகையைக் கழற்றிச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார். இடியக்கா ஓவென்று அழுதுவிட்டாள். அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார்கள்.

"ஏய், கோட்டுல துடைக்காத, வெள்ளை" என்றார் அவர்.